யானையும் பாம்பும் காத்த எண்

28,27,43,33,88,233.

பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இம்முழு எண்ணைக் கேரளக் கணித மரபு சங்கமகிராமத்து மாதவருக்கு (சுமார் 1340–1425) உரியதாகக் கூறுகிறது. ஒரு வட்டத்தின் விட்டம் 90,000 கோடி எனில், அதன் சுற்றளவு இவ்வளவு என்பதே செய்தி. உண்மைச் சுற்றளவினின்று இது விலகுவது ஏறத்தாழ 2.2 அலகு மட்டுமே! விட்டத்தால் வகுத்தால் 3.14159265359, பையின் மதிப்பு பதினொரு தசம இடங்களுக்குச் சரியாகிறது. ஆரியபடர் தந்த 3.1416 நான்கு இடங்களுக்கே பொருந்தும்.

இவ்வெண் 2, 3, 5 ஆகிய எதனாலும் வகுபடாது. ஆகவே விட்டத்துடன் இதற்குப் பொதுக் காரணி இல்லை. பின்னத்தைச் சுருக்க வழியில்லை. பதின்மூன்று இலக்கங்களையும் அப்படியே காத்தாக வேண்டும். எவ்வாறு காத்தனர்?

இலக்கங்களாக அன்று, சொற்களாக. பூதசங்கியை முறையில் தேவர் 33, கண் 2, யானை 8, பாம்பு 8, தீ 3, வேதம் 4, விண்மீன் 27. செய்யுளின் சொற்களைக் கடைசியிலிருந்து முதல்நோக்கி அடுக்கினால் எண் எழும். இவ்வெண்ணில் 8 மூன்று முறை வருகிறது: இருமுறை யானையாக, அதுவும் வெவ்வேறு சொற்களால், ஒருமுறை பாம்பாக. ஒருபொருட் பன்மொழி யாப்புக்கு இடங்கொடுத்தது. யாப்பு எண்ணுக்குக் காவலாயிற்று. ஏட்டில் இலக்கம் பிறழ்ந்தால் எவரும் அறியார். சொல் பிறழ்ந்தால் ஓசை தட்டும்.

மாதவர் இதைக் கணக்கிட்டுக் காட்டிய நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பிற்கால உரைகளில் மேற்கோளாக நின்ற செய்யுளே எஞ்சியது. கணித வரலாறு எழுதுவோர் யாப்பிலக்கணத்தையும் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?