குண்டு சல்லிசுதான், ஆனா யார் கையில?

போன வாரம் அமெரிக்காவுல பொட்டி தட்டுற காலேஜ் தோஸ்து ஒருத்தன் வீடியோ கால்ல வந்தான். கார் ஷெட்ல ஒரு மேஜை, அதுல கைப்பிடி வச்ச சின்ன பிரஸ், பக்கத்துல டப்பா நிறைய ரைபிள் குண்டு. "ஆயிரம் குண்டு மொத்தமா வாங்குனா சல்லிசுடா மாப்ள. சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டையே திரும்பத் திரும்ப நிரப்பிக்கலாம்"னான். லீவு நாள்ல குறி பார்த்துச் சுடுறது அய்யாவுக்குப் பொழுதுபோக்காம். நமக்கு ஆணி புடுங்கவே நேரம் பத்தல :-)

போனை வச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க கீழக்குயில்குடி. ஏன்னு கேக்குறீங்களா? கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். பேப்பர்ல குண்டு, தோட்டா ரெண்டையும் ஒண்ணாவே எழுதுவாங்க. குண்டுன்னா பறந்து போற ஈயத்துண்டு மட்டும். தோட்டாவுல நாலு பொருள் இருக்கு: குண்டு, மருந்து, பித்தளைக் கூடு, அடியில தட்டுனா பொறி கிளப்புற கேப்பு. இந்த நாலும் யார் கையில இருந்துச்சுங்கறதுதான் பதிவே.

18ஆம் நூற்றாண்டுல நம்ம பாளையக்காரங்க ஆளுங்க வச்சிருந்தது திரித் துப்பாக்கி. கூடும் கிடையாது, கேப்பும் கிடையாது. குழல் வாய் வழியா மருந்தையும் குண்டையும் போட்டு இடிச்சு, எரியுற திரியால பத்தவைக்கணும். ஈயம் 327 டிகிரியிலயே உருகிடும், கரியடுப்பு போதும். குழல் உள்பக்கம் வழவழப்பு, அதனால குண்டு அச்சு அசலாப் பொருந்தணும்னு அவசியமில்ல. கம்பெனி சிப்பாயோட பிரவுன் பெஸ் துப்பாக்கிக்கே குழல் 0.75 அங்குலம், குண்டு சுமார் 0.69 அங்குலம்தான். ஆக, அச்சும் அடுப்பும் இருந்தா ஊர்லயே குண்டு ரெடி.

1801 மார்ச்ல ஊமைத்துரையோட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கின கம்பெனிப் படை அடி வாங்கித் திரும்புச்சு. மே மாசம் பெரிய படையோட வந்துதான் பிடிக்க முடிஞ்சது. அக்டோபர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டாங்க. டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார்: தெற்குச் சீமையில துப்பாக்கியோ ஈட்டியோ வச்சிருந்தா மரண தண்டனை!

சட்டம் பாதி வேலையைச் செஞ்சது, மீதியைத் தொழில்நுட்பம் செஞ்சது. ரைபிள் குழல்ல சுருள் பள்ளம் உண்டு, குண்டு அதுல கச்சிதமாப் பொருந்தணும். 1860கள்ல பித்தளைக் கூடு வச்ச தோட்டா வந்துச்சு. குண்டை மட்டும் இன்னமும் அடுப்புல ஊத்தலாம். கேப்பையும் கூட்டையும்? அதெல்லாம் டம்டம், கிர்க்கி மாதிரி சர்க்கார் தொழிற்சாலை சமாச்சாரம். அந்தப் பக்கம் அமெரிக்காவுல 1884ல ஜான் பார்லோ ஐடியல் கம்பெனி ஆரம்பிச்சு, வீட்லயே தோட்டா நிரப்புற கைக்கருவியை வித்தார். இங்க 1878 ஆயுதச் சட்டத்துல ஈயம், கந்தகம், வெடியுப்பைக்கூட 'ராணுவப் பொருள்' கணக்குல கொண்டுவர சர்க்காருக்கு அதிகாரம் இருந்துச்சு. வெறும் ஈயத்துக்கே பயந்திருக்காங்க பாருங்க!

இப்போ எங்க ஊருக்கு வருவோம். பிரமலைக் கள்ளர்கள் மேல குற்றப் பரம்பரைச் சட்டம் 1914ல முதல்ல பாய்ஞ்சது கீழக்குயில்குடியிலதான். கைரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் கண்ணு முன்னாடி படுக்கணும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு ஜனங்க நின்னாங்க. போலீஸ் சுட்டதுல மாயக்காள் உட்பட 16 பேர் செத்தாங்க. 1947ல சட்டம் ஒழிஞ்சது.

நூறு வருஷத்துக்கு மேல ஆயுதத்தைப் பிடுங்கி, ஈயத்தைக்கூட சட்டத்துல எழுதி வச்ச பிறகு, அந்தக் காலைல தோட்டா யார் கையில இருந்துச்சுன்னு நான் வேற சொல்லணுமா?

இன்னிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டாவோட பாகமும், தோட்டா செய்யுற மெஷினும் 'வெடிபொருள்' கணக்குதான். தோஸ்தோட டப்பாவும் பிரஸ்ஸும் மதுரையில இருந்தா லைசென்ஸ் இல்லாம உள்ளதான். 'நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் பறிமுதல்'னு பேப்பர்ல வருமே, அந்த சைக்கிள் பால்ரஸ்தான் நம்மூர் சல்லிசு குண்டு!

அவன் டாலர்ல மிச்சம் புடிக்கிற அதே வேலை, இங்க ஒரு காலத்துல தூக்குக்கயிறு.

சாயங்காலம் சமணர் மலை அடிவாரத்துல, தாமரைக் குளத்துக்கரை ஆலமரத்தடியில உக்காந்து இதைத்தான் யோசிச்சேன். மேல செட்டிப்புடவுல ஆயிரம் வருஷமா தீர்த்தங்கரர்கள் எறும்புக்கும் தீங்கு நினைக்காம உக்காந்திருக்காங்க. கீழ எங்க ஊர்க் கதை இப்படி.

டிஸ்கி: எல்லாருக்கும் துப்பாக்கி குடுங்கன்னு சொல்ற பதிவு இல்லீங்க. உங்க ஊர்ப்பக்கம் திரித் துப்பாக்கி, குண்டு அச்சு பத்திப் பெரியவங்க சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க, புண்ணியமாப் போகும்.