முகப்புக் கண்ணாடியும் மின்வாகனமும்: செலவும் பொறுப்பும் யாருடையவை?

பாரிஸ் நகரின் வடக்கே, வால்-துவாஸ் மாவட்டத்தில் அமைந்துள்ள சார்செல், ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழும் புறநகர்களில் ஒன்று. தமிழர்களின் கடைத்தெருவான லா சப்பலுக்கு அருகிலுள்ள கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர் டி தொடருந்தில் ஏறினால், சில நிலையங்களைத் தாண்டியதும் கார்ஜ்-சார்செல் நிலையம் வந்துவிடும். 1950களின் நடுப்பகுதி முதல் 1970கள் வரை எழுப்பப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்பெற்ற இந்நகரின் வாகனத் தரிப்பிடங்களில் இன்று விலையுயர்ந்த மின்வாகனங்களும் நிற்கின்றன. அவற்றுள் சில, ஆடம்பரத்திற்காக அன்றித் தொழிலுக்காக வாங்கப்பட்டவை.

பிரான்ஸில் 'வே-தே-சே' என்று அழைக்கப்படும் வாடகை வாகனச் சேவை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. இச்சேவையில் ஈடுபடும் வாகனம் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்பது பொது விதி. மின்வாகனங்களுக்கும் கலப்பின வாகனங்களுக்கும் இந்த வயது வரம்பு இல்லை. சொகுசு மின்வாகனம் ஒன்றைத் தவணை முறையிலோ குத்தகையிலோ பெற்று நீண்டகாலம் ஓட்டுவதற்கு இது ஒரு காரணமாகிறது.

இத்தகைய சாரதி ஒருவர், விமான நிலையத்திற்குச் செல்லும் ஏ-1 நெடுஞ்சாலையில் ஒரு சுமையுந்தின் பின்னால் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் சில்லிலிருந்து தெறித்த கல், அவரது வாகனத்தின் முகப்புக் கண்ணாடியில் விழுகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு இது அரைநாள் அலுவலாக இருந்திருக்கும். இன்று அது வாகனத்தின் பாதுகாப்பு, காப்புறுதி ஒப்பந்தம், நுகர்வோர் சட்டம் ஆகிய மூன்றையும் ஒருங்கே தொடும் விடயமாக மாறியுள்ளது.

பாரிஸில் பிறந்த கண்டுபிடிப்பு

வாகனத்தின் முகப்புக் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று வைத்து ஒட்டப்பட்டது. இதற்கு அடித்தளமிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளரும் ஓவியருமான எதுவார் பெனெதிக்துஸ். 1903ஆம் ஆண்டில் அவரது ஆய்வுகூடத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று, உட்புறத்தில் படிந்திருந்த செலுலோஸ் நைத்திரேற்றுப் படலத்தின் காரணமாகச் சிதறாமல் விரிசலோடு நின்றது என்றும், அதுவே அவரது சிந்தனையைத் தூண்டியது என்றும் கூறப்படுகிறது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் அந்தப் படலத்தின் இடத்தை, இன்றும் பயன்பாட்டிலுள்ள பொலிவினைல் பியூட்டிரால் என்ற பொருள் பிடித்தது.

கல் பட்டாலும் கண்ணாடி சிதறிப் பயணியின் முகத்தில் பாயாமல் நிற்பது இப்படலத்தினாலேயே. அத்துடன், வாகனம் புரளும்போது கூரையைத் தாங்குவதிலும், முன்னிருக்கைப் பயணியின் காற்றுப்பை விரியும்போது அதற்கு முட்டுக் கொடுப்பதிலும் முகப்புக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. எனவே அதைச் சட்டத்துடன் பிணைக்கும் பொலியூரிதேன் பசை, வாகன உடலின் உறுதியைத் தீர்மானிக்கும் பொருட்களில் ஒன்று.

மின்வாகனத்தில் என்ன வேறுபாடு?

மின்வாகனத்தில் இயந்திர இரைச்சல் இல்லை. ஆகவே காற்றின் ஒலியும் வீதியின் ஒலியும் துலக்கமாகக் கேட்கும். இதனைக் குறைக்க, ஒலியை உறிஞ்சும் சிறப்புப் படலம் கொண்ட கண்ணாடியைச் சொகுசு வாகன உற்பத்தியாளர்கள் பொருத்துகின்றனர். குளிரூட்டிக்குச் செலவாகும் மின்சாரம் பயணத் தூரத்தைக் குறைக்கும் என்பதால், வெப்பக்கதிர்களைத் திருப்பியனுப்பும் நுண்ணிய உலோகப் பூச்சும் சில கண்ணாடிகளில் உண்டு. உலோகப் பூச்சு வானொலி அலைகளையும் தடுக்கும். நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணக் கருவியை நடுக் கண்ணாடிக்கு அருகே, பூச்சு விடப்பட்ட சிறு பகுதியில் ஒட்டுமாறு கூறப்படுவது இதனாலேயே.

வேகத்தையும் வழியையும் சாரதியின் கண்முன்னே கண்ணாடியில் காட்டும் வசதி உள்ள வாகனங்களில், இடைப்படலம் மேலிருந்து கீழாகத் தடிப்பு மாறும் ஆப்பு வடிவில் அமைகிறது. அவ்வாறு இல்லையெனில் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும். 2021இல் அறிமுகமான மெர்சிடிஸ் ஈ.க்யூ.எஸ் போன்ற வாகனங்கள் இந்த வசதியுடன் கிடைக்கின்றன. டெஸ்லா மொடல் எக்ஸ் வாகனத்திலோ, முகப்புக் கண்ணாடி முன்னிருக்கைகளின் மேலே கூரை வரை நீள்கிறது.

வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு கண்ணாடிகள் உண்மையில் வேறுபட்டவையாக இருக்கலாம் என்பதே இதன் பொருள். வாகனத்தின் அடையாள எண்ணைக் கொண்டு சரியான கண்ணாடியைத் தெரிவுசெய்யவேண்டும். அது கையிருப்பில் இல்லாவிடில் சாரதி காத்திருக்க நேரிடும். வாகனம் நிற்கும் நாட்களிலும் தவணைப் பணம் நிற்பதில்லை.

ஒரு பாகையின் விலை

இவை அனைத்திலும் முக்கியமானது, கண்ணாடியின் மேற்புறத்தில், நடுக் கண்ணாடிக்குப் பின்னே அமர்ந்திருக்கும் கமரா. தன்னியக்கத் தடுப்பு, தடத்தை விட்டு விலகாமல் காத்தல், வேக எல்லையை உணர்த்துதல் ஆகிய வசதிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி மூலம் கட்டாயமாக்கியது. புதிதாக அங்கீகாரம் பெறும் வாகன வகைகளுக்கு 2022 ஜூலை முதலும், புதிதாக விற்பனையாகும் எல்லாக் கார்களுக்கும் 2024 ஜூலை முதலும் இது நடைமுறைக்கு வந்தது. இவ்வசதிகளில் பெரும்பாலானவை அந்தக் கமராவை நம்பியே இயங்குகின்றன.

கமரா பார்க்கும் திசை ஒரே ஒரு பாகை விலகினாலும், 100 மீற்றர் தொலைவில் அதன் கணிப்பு ஏறத்தாழ 1.75 மீற்றர் தவறிவிடும். பிரெஞ்சு நெடுஞ்சாலையின் ஒரு தடம் வழக்கமாக 3.5 மீற்றர் அகலம் கொண்டது. அதாவது பாதித் தடம் தவறுகிறது. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் அந்த 100 மீற்றரைக் கடக்க மூன்று விநாடிகள்கூட ஆவதில்லை.

இதனால் கண்ணாடி மாற்றப்பட்டபின் கமராவை மீண்டும் நேர்ப்படுத்தவேண்டும். தமிழில் இதை அளவுத்திருத்தம் எனலாம். பிரெஞ்சுப் பற்றுச்சீட்டில் 'கலிப்ராஜ்' என்று குறிக்கப்பட்டிருக்கும். இதில் இரு முறைகள் உள்ளன. ஒன்று, சமதளமான பணிமனையில், உற்பத்தியாளர் வகுத்த தூரத்தில் குறிப்பலகைகளை நிறுத்திச் செய்வது. மற்றையது, கணினிக் கருவியை இணைத்து, தடக்கோடுகள் தெளிவாக உள்ள வீதியில் வாகனத்தை ஓட்டிச் செய்வது. சில வாகனங்களுக்கு இரண்டும் தேவை. டெஸ்லா வாகனங்களில் பழைய அளவீட்டை அழித்துவிட்டால், ஓட்டும்போது கமராக்கள் தாமாகவே நேர்ப்படுத்திக்கொள்கின்றன. இதற்குப் பொதுவாக 32 முதல் 40 கிலோமீற்றர் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும், ஓட்டவேண்டியிருக்கும். அதுவரை தன்னியக்க உதவிகள் பல கிடைப்பதில்லை.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

எல்லா உடைவுக்கும் மாற்றம் தேவையில்லை. கல் பட்ட தடம் 2 யூரோ நாணயத்தைவிடச் சிறியதாக, சாரதியின் நேர்ப்பார்வைக்கு வெளியே, விளிம்பிலிருந்து தள்ளி இருந்தால் பிசின் செலுத்திச் சரிசெய்யலாம் என்பது பிரான்ஸில் பரவலான நடைமுறை. இதற்குக் குறைந்த நேரமே ஆகும். கண்ணாடி இடம் பெயராததால் கமராவுக்கும் பொதுவாகப் பாதிப்பு ஏற்படாது. ஆனால் கமராவின் பார்வைப் பகுதிக்குள்ளேயே தடம் விழுந்திருந்தால் மாற்றுவதே வழி. தாமதமும் ஆபத்தானது. குளிர்காலக் காலையில் வெப்பக்காற்றைத் திருப்பிவிட்டதும் சிறு தடம் நீண்ட விரிசலாகிவிடுவது உண்டு.

மாற்றிய பிறகு பசை இறுகும்வரை வாகனத்தை நகர்த்தக்கூடாது. பசையின் வகை, வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றுக்கு ஏற்ப இது அரைமணி நேரம் முதல் பல மணி நேரம் வரை வேறுபடும். அடுத்த பயணி காத்திருக்கிறார் என்பதற்காக இதில் சமரசம் செய்வது, கூரையையும் காற்றுப்பையையும் பந்தயம் வைப்பதற்கு ஒப்பானது.

காப்புறுதி எதைத் தாங்கும்?

பிரான்ஸில் சட்டப்படி கட்டாயமானது, பிறருக்கு ஏற்படும் சேதத்திற்கான காப்புறுதி மட்டுமே. கண்ணாடி உடைவுக்கான 'பிரி த கிளாஸ்' பாதுகாப்பு விருப்பத்திற்குரியது. அது ஒப்பந்தத்தில் இருந்தாலும், காப்புறுதி பெற்றவர் தம் கையிலிருந்து செலுத்தவேண்டிய 'பிரான்சீஸ்' என்ற பகுதித்தொகை இருக்கக்கூடும். அளவுத்திருத்தத்தின் செலவும் இதற்குள் அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே பார்க்கவேண்டும். சொகுசு மின்வாகனங்களில் மொத்தச் செலவு ஆயிரம் யூரோவைத் தாண்டுவது அரிதல்ல. உடைவு நிகழ்ந்ததை அறிவிக்க வழக்கமாக ஐந்து வேலைநாட்கள் அவகாசம் உண்டு. கண்ணாடி உடைவினால் மட்டும் 'மாலுஸ்' எனப்படும் கட்டண உயர்வு ஏற்படுவதில்லை.

வாடகைச் சேவையில் உள்ளோர் கவனிக்கவேண்டிய விடயம் வேறொன்று. சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதியுடன் பயணிகளை ஏற்றிச் செல்வோர், கண்ணாடிக்கான இழப்பீட்டில் மட்டுமன்றி, விபத்தின்போது முழுப் பாதுகாப்பிலும் சிக்கலைச் சந்திக்க நேரிடலாம்.

எந்தப் பணிமனைக்குச் செல்வது என்பதைக் காப்புறுதி நிறுவனம் பரிந்துரைக்கலாம். முடிவு செய்வது வாகன உரிமையாளரே. 2014ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதிய நுகர்வோர் சட்டம் இந்த உரிமையை வழங்குகிறது. ஆயினும் குத்தகை வாகனமாயின், குத்தகை ஒப்பந்தம் விதிக்கும் நிபந்தனைகளையும் பார்க்கவேண்டும்.

முடிவுக்கு வந்த ஏகபோகம்

கண்ணாடியின் விலைக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறும் உண்டு. வாகனத்தின் வெளித்தெரியும் உதிரிப்பாகங்களை வடிவமைப்பு உரிமையின் கீழ்க் காக்கும் நாடாக பிரான்ஸ் நெடுங்காலம் விளங்கியது. முகப்புக் கண்ணாடியும் இதில் அடங்கும். அதை உண்மையில் தயாரிப்பது கண்ணாடி நிறுவனமாயினும், விற்கும் உரிமையைக் கார் உற்பத்தியாளரே தம் வசம் வைத்திருந்தார். இதனைத் தளர்த்த 2019இலும் 2020இலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விதிகளை, நடைமுறைக் காரணங்களைக் காட்டி அரசியலமைப்பு மன்றம் நீக்கியது. இறுதியில் 2021 ஓகஸ்ட் 22ஆம் திகதிய காலநிலைச் சட்டத்தின் மூலம் அது சாத்தியமாயிற்று. 2023 ஜனவரி முதலாம் திகதி முதல் கண்ணாடிச் சந்தை முழுமையாகப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டுள்ளது.

ஆனால் திறந்தது கண்ணாடிக்கான சந்தை மட்டுமே. கமராவை நேர்ப்படுத்துவதற்கான மென்பொருளும் கருவிகளும் பயிற்சியும் பெருஞ்செலவு கோருபவை. இவற்றைப் பெறமுடியாத சிறு பணிமனைகள், தமிழர்களால் நடத்தப்படுவன உட்பட, கண்ணாடியைப் பொருத்திவிட்டு அளவுத்திருத்தத்திற்கு வேறிடம் அனுப்பவேண்டிய நிலையில் உள்ளன. பழைய ஏகபோகம் பாகத்தின் மீது இருந்தது என்றால், புதியது அறிவின் மீது அமைகிறதோ என்ற கேள்வி எழுகிறது.

மலிவு என்பதற்காகக் கழற்றிய பழைய கண்ணாடியைத் தேடுவதும் பயன் தராது. பிரெஞ்சுப் பணிமனைகள் 2017 முதல் வாடிக்கையாளருக்குப் பயன்படுத்திய பாகங்களையும் தெரிவாக முன்வைக்கவேண்டும் என்ற விதி, ஒட்டப்பட்ட கண்ணாடிகளுக்குப் பொருந்தாது.

பரிசுப்பொருளின் மறுபக்கம்

பேரங்காடிகளின் வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் அணுகி, கண்ணாடியில் சிறு தடம் இருப்பதைச் சுட்டிக்காட்டி, மாற்றிக்கொண்டால் விளையாட்டுக் கருவியோ பணமோ பரிசாகத் தரப்படும் என்று கூறுவது பிரான்ஸில் பலரும் கண்ட காட்சி. அந்தப் பரிசின் விலை, காப்புறுதி நிறுவனத்திற்கு அனுப்பப்படும் பற்றுச்சீட்டில் அடங்கியிருக்கும். பின்னர் அது எல்லோரது காப்புறுதிக் கட்டணத்திலும் திரும்பி வரும்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதே சிக்கலை எதிர்கொண்டது. கண்ணாடி மாற்றத்திற்காகப் பரிசோ கழிவோ வழங்குவதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் அங்கு தடைசெய்தது. அளவுத்திருத்தம் தேவையா என்பதை வாடிக்கையாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

பிரான்ஸில் இத்தகைய இடங்களில் கையொப்பமிடப்படும் தாள், பல வேளைகளில், இழப்பீட்டைப் பெறும் உரிமையைப் பணிமனைக்கு மாற்றிக்கொடுக்கும் பத்திரமாக இருக்கிறது. காப்புறுதி நிறுவனம் முழுத்தொகையையும் ஏற்க மறுத்தால், மீதி வாடிக்கையாளரிடமே கோரப்படலாம். பிரெஞ்சு மொழியைச் சரளமாக வாசிக்க முடியாத முதல் தலைமுறையினர் இதில் எளிதில் அகப்படுகின்றனர்.

கையில் இருக்கவேண்டிய ஆதாரங்கள்

பணி தொடங்குமுன் எழுத்திலான விலைமதிப்பைப் பெறவேண்டும். அதில் கண்ணாடியின் வகையும், அளவுத்திருத்தமும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கவேண்டும். பொருத்தப்படும் கண்ணாடியில் வட்டத்திற்குள் 'இ' என்ற ஐரோப்பிய எழுத்தும் ஓர் எண்ணும், '43ஆர்' என்ற ஐ.நா ஒழுங்குவிதிக் குறியும் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். மின்வாகனங்களில் பணியாற்றுவோருக்குரிய பயிற்சிச் சான்று பணியாளரிடம் உள்ளதா என்றும் கேட்கலாம். இறுதியாக, அளவுத்திருத்தம் வெற்றியாக முடிந்ததைக் காட்டும் கணினி அறிக்கையைப் பற்றுச்சீட்டுடன் வாங்கிப் பத்திரப்படுத்தவேண்டும்.

பிரெஞ்சு நீதிமன்றங்களின் நிலைப்பாட்டின்படி, பழுதுபார்ப்பவர் தம் பணியின் விளைவுக்குப் பொறுப்பானவர். ஆனால் எந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது என்பதைக் காட்ட ஆவணம் தேவை. விபத்து ஒன்றின் பின்னர், வாகனம் ஏன் தானாக நிற்கவில்லை என்ற கேள்வி எழும்போது, சாரதியின் பக்கம் பேசுவது அந்த ஓர் அறிக்கையாகவே இருக்கலாம்.

இது பாரிஸ் புறநகரோடு முடியும் விடயமும் அல்ல. 1665இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் நிறுவப்பட்ட பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனமான சென்-கோபேன், 2000ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி தயாரித்து வருகிறது. இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும், கமரா பொருத்திய மின்வாகனங்கள் அங்கும் வந்திறங்கத் தொடங்கின. சார்செலில் இன்று எழும் கேள்வி, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் எழுவதற்கு அதிக காலம் ஆகாது. கண்ணாடியைப் பொருத்தத் தெரிந்தவர்கள் அங்கு ஏராளம். கமராவை நேர்ப்படுத்தவும், நேர்ப்படுத்தியதற்குச் சான்று தரவும் எத்தனை பணிமனைகள் ஆயத்தமாகின்றன என்பதிலேயே அவ்வீதிகளில் செல்வோரின் பாதுகாப்பு தங்கியிருக்கிறது.