அரிவாள் செல் சடுதிமாற்றம்

மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்குரிய மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் தோன்றிய சடுதிமாற்றம். 11ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவில், புரதத்தின் ஆறாவது அமினோ அமிலத்தைக் குறிக்கும் ஜி.ஏ.ஜி. என்ற மூவெழுத்துக் குறியன் ஜி.டி.ஜி. ஆகிவிடுகிறது. அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருக்கிறது. அதனால் 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் குளூட்டாமிக் அமிலம் இருந்த ஓரிடத்தில் வேலின் அமர்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவருக்கு அரிவாள் செல் சோகை வருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நோயின்றியே வாழ்கிறார். மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் பெறுகிறார். சடுதிமாற்றம் என்றாலே கேடு என்று நினைக்கும் பழக்கத்தை இந்த ஒரு மரபணுவைப் போல வேறெதுவும் அசைத்ததில்லை.

மருத்துவ உலகில் இதன் வரலாறு சிகாகோவில் தொடங்குகிறது. கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து அங்கே பல்மருத்துவம் படிக்க வந்த இளைஞர் ஒருவர் 1904இல் மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் பல நீண்டு, அரிவாளாக வளைந்திருந்தன. மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆக்சிஜன் குறையும்போதுதான் அணுக்கள் வளைகின்றன என்பது 1927இல் தெளிவாயிற்று. பெற்றோர் இருவரும் தலா ஒரு பிரதியைக் கொடுத்தால்தான் நோய் வரும் என்று 1949இல் ஜேம்ஸ் நீல் நிறுவினார்.

அதே 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஹீமோகுளோபினை மின்புலத்தில் நகரவிட்டுப் பார்த்தனர். இயல்பான ஹீமோகுளோபின் நகர்ந்த வேகத்தில் அது நகரவில்லை. நோயின் இருப்பிடம் அணுவின் வடிவத்தில் இல்லை, மூலக்கூறின் மின்னேற்றத்திலேயே இருக்கிறது என்பது புலனானது. ‘மூலக்கூறு நோய்’ என்ற கருத்து மருத்துவத்துக்குள் வந்தது அப்போதுதான். ஆனால் மூலக்கூறில் எந்த இடம் பிழைபட்டது? கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம் ஹீமோகுளோபினை டிரிப்சின் நொதியால் ஏறத்தாழ 30 துண்டுகளாக வெட்டி, அவற்றை ஒரு தாளின் மேல் பிரித்துப் பரப்பினார். இயல்பான ஹீமோகுளோபினின் தாளையும் நோயாளியின் ஹீமோகுளோபினின் தாளையும் ஒப்பிட்டபோது ஒரே ஒரு துண்டு மட்டும் இடம் மாறி நின்றது. 1956, 1957 ஆண்டுகளில் வெளியான இந்த முடிவு, மரபணு மாற்றம் ஒன்று புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றக்கூடும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று. மரபுக் குறியீட்டையே எவரும் படித்திராத காலத்தில், ஒரு தாளையும் நொதியையும் கொண்டு இதைக் கண்டது இருபதாம் நூற்றாண்டு உயிரியலின் மிக அழகான சோதனைகளுள் ஒன்று.

வேலின் நீரை ஒதுக்கும் தன்மையுடையது. ஆக்சிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபினில் அது பக்கத்து மூலக்கூறின் குழிவொன்றில் பொருந்திக்கொள்கிறது. இப்படியே மூலக்கூறுகள் கோத்து விறைத்த இழைகளாகின்றன. வளைந்து விறைத்த சிவப்பணு நுண்குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. எலும்பிலும் மார்பிலும் தாங்க முடியாத வலி, மண்ணீரல் சிதைவு, தொற்றுகள், சிறு வயதிலேயே பக்கவாதம் ஆகியவை இதனால் வருபவை. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடுவதால் சோகை நீங்குவதே இல்லை.

சடுதிமாற்றத்தின் வகைகளை விளக்க இந்த மரபணு ஒன்றே போதும். ஜி.ஏ.ஜி. என்பது ஜி.ஏ.ஏ. ஆனாலும் குளூட்டாமிக் அமிலமே வரும். அது மௌன மாற்றம். அதே குறியன் ஏ.ஏ.ஜி. ஆனால் லைசின் வந்து, மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஹீமோகுளோபின் சி உருவாகிறது. அதன் பாதிப்பு மிக மென்மையானது. 39ஆம் குறியனில் ஓர் எழுத்து மாறினால் ‘நிறுத்து’ என்ற ஆணை அங்கேயே பிறந்து சங்கிலி பாதியில் முடிந்துவிடும். பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியா என்ற நோய்க்கு சார்டினியாவில் இதுவே முக்கியக் காரணம். 8, 9ஆம் குறியன்களுக்கிடையே ஒரு குவானின் கூடுதலாக நுழைந்தால் அதற்குப் பின்வரும் எழுத்துகள் எல்லாம் தவறான மூன்று மூன்றாகப் படிக்கப்படும். 619 எழுத்துகள் மொத்தமாக விடுபட்டுப்போவதும் உண்டு. கடைசி இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்தின் தலசீமியாவில் காணப்படுபவை.

இத்தகைய மாற்றங்கள் ஏன் நிகழ்கின்றன? எக்ஸ் கதிர் ஈக்களில் சடுதிமாற்றத்தைத் தூண்டுவதை ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார். கடுகு வாயு போன்ற வேதிப்பொருள்களும் அவ்வாறே செய்யும் என்பதை சார்லட் ஆவர்பாக் 1940களில் நிறுவினார். புற ஊதாக் கதிரும் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. எனினும் டி.என்.ஏ. படியெடுக்கப்படும்போது திருத்தத்துக்குத் தப்பிவிடும் பிழைகளே பல. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத ஏறத்தாழ 60 முதல் 70 புதிய மாற்றங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை எந்த விளைவையும் காட்டுவதில்லை. தேவையை அறிந்து வருவனவும் அல்ல அவை. இதை 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் பாக்டீரியாக்களைக் கொண்டு காட்டினர். மலேரியாவைத் தடுப்பதற்கென்று அரிவாள் செல் தோன்றவில்லை. தற்செயலாகத் தோன்றியதை மலேரியா நிலைக்கவைத்தது.

அந்தத் தொடர்பைக் கண்டவர் கென்யாவில் வளர்ந்த ஆந்தனி ஆலிசன். கென்யக் கடற்கரையிலும் விக்டோரியா ஏரியைச் சுற்றியும் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரிடம் இருந்த இந்தக் கூறு, கொசு குறைந்த மலைநாட்டில் 1 விழுக்காட்டுக்கும் கீழே இருந்ததை அவர் கவனித்தார். ஒரு பிரதி மட்டும் உள்ள குழந்தைகளின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணிகள் குறைவாக இருந்ததை 1954இல் வெளியிட்டார். தலசீமியாவுக்கு இத்தகைய விளக்கத்தை முன்பே ஊகித்திருந்தவர், பின்னாளில் இந்தியக் குடிமகனாகி புவனேசுவரத்தில் காலமான ஜே. பி. எஸ். ஹால்டேன்.

இது ஆப்பிரிக்க நோய் மட்டுமே என்ற எண்ணத்தை மாற்றியதில் நீலகிரிக்குப் பங்குண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்தக் கூறு இருப்பதைப் பதிவுசெய்தனர். இருளர், பணியர், குறும்பர் முதலிய மக்களிடையே இன்றும் அது காணப்படுகிறது. இந்தியாவிலும் அரேபியாவிலும் பரவலாக உள்ள வடிவம், சுற்றியுள்ள டி.என்.ஏ. அமைப்பில் ஆப்பிரிக்க வடிவங்களிலிருந்து வேறுபடுகிறது. மாற்றம் பல இடங்களில் தனித்தனியே தோன்றியது என்று இதை வைத்துத்தான் நெடுங்காலம் கருதினர். 2018இல் வந்த ஓர் ஆய்வு, 7,000 ஆண்டுகளுக்குச் சற்று முன் ஆப்பிரிக்காவில் ஒரே முறை தோன்றியது என்கிறது. விவாதம் முடியவில்லை. அரேபிய-இந்திய வடிவம் உள்ளவர்களிடம் கருக்கால ஹீமோகுளோபின் கூடுதலாகத் தங்கிவிடுவதால் நோய் சற்றுத் தணிவாக இருப்பதுண்டு. ஆனால் மலைக்கிராமத்திலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது அந்தத் தணிவு பெரிய ஆறுதல் ஆவதில்லை.

சிகிச்சையும் அந்தக் கருக்கால ஹீமோகுளோபினையே பற்றிக்கொண்டு வளர்ந்தது. அதைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கு 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இந்தியா 2023 ஜூலையில் தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையிலான காஸ்ஜெவி சிகிச்சையை ஏற்றன. அமெரிக்காவில் அப்போது அதன் விலை 22 லட்சம் டாலர். இந்த நோய் மிகுதியாக உள்ள நாடுகளில் இதை வாங்கக்கூடியவர் மிகச் சிலர். அந்தச் சிகிச்சை பிழைபட்ட எழுத்தைத் திருத்துவதும் இல்லை. பிறந்தபின் கருக்கால ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் மரபணுவின் செயலை, எலும்பு மச்சையின் குருத்தணுக்களைத் திருத்திக் குறைக்கிறது. இனப்பெருக்க அணுக்கள் தொடப்படாததால், வலியிலிருந்து விடுபட்டவரின் பிள்ளைகளுக்கும் அந்தத் தைமின் போய்ச்சேரும்.