கறிவேப்பிலை அழகி

திருவனந்தபுரத்து வீட்டுத் தோட்டங்களில் நாரத்தையோ கறிவேப்பிலையோ நின்றால், இந்தக் கரிய, வாலுள்ள பட்டாம்பூச்சி எப்படியும் வந்து சேரும். மலையாளத்தில் இதை நாரகக்காளி என்பார்கள். 1758இல் லின்னேயஸ் இட்ட அறிவியல் பெயர் பாப்பிலியோ பாலிடெஸ். சிறகை விரித்தால் ஏறத்தாழ 9 முதல் 10 செ.மீ. இருக்கும்.

ஆணை அடையாளம் காண்பது எளிது: கருஞ்சிறகு, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசை. பெண்தான் திணறடிக்கும். ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். இன்னொரு வகை ரோஜா அழகியின் தோற்றத்திலும், மற்றொன்று சிவப்புடல் அழகியின் தோற்றத்திலும் வரும். அவ்விரண்டின் புழுக்களும் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்பவை. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்ட வராது. நஞ்சே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்தப் பயத்தில் பிழைத்துக்கொள்கிறது. இத்தனை வேடங்களுக்கும் பின்னால் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுதான் இருக்கிறது என்று கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்குவதும் அதே மரபணு என்பது வியப்பைக் கூட்டுகிறது.

ஆகவே படம் எடுப்பவர் சிறகில் மயங்கிவிடக் கூடாது. நஞ்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பு, இதற்குக் கறுப்பு. உடல் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படமாவது வேண்டும். மேலிருந்து எடுத்த அழகான படம் மட்டும் இருந்தால் பெயர் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும்.

தேன் குடிக்கும்போதும் இது சிறகடிப்பதை நிறுத்துவதில்லை. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாக இருந்தால்தான் சிறகு துலக்கமாக விழும். தெச்சி, கிருஷ்ணகிரீடம், உண்ணிச்செடி பூத்திருக்கும் இடத்தில் காத்திருப்பது துரத்துவதைவிட மேல். ஆண்கள் ஓடைக்கரை ஈரமணலில் உப்பு உறிஞ்ச இறங்கும். அப்போது தாழக் குனிந்து, நிழல் மேலே விழாமல் நெருங்கலாம்.

நாரத்தைக் கொழுந்தருகே ஒரு பெண் படபடத்துச் சுற்றினால், கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். முன்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கும். பிடித்துவிட்டால் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு நகரும். பொரிந்த புழு முதலில் பறவை எச்சம்போலக் கிடக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பு நாற்றத்தோடு வெளிப்படும். கூட்டுப்புழு சுற்றுப்புறத்துக்கு ஏற்பப் பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும். பூச்சிமருந்து அடிக்காத செடியில் இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் படம்பிடித்துவிடலாம்.