வடாற்காட்டு மலைகளும் ஆகமப் பொருள் உணர்த்திய ஆசிரியரும்

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிப் பாலாற்றை ஒட்டிச் செல்வோர்க்கு முதலில் புலப்படுவன தோல் பதனிடும் சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளுமே. இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு என இத்தொழில் பரவிய ஊர்கள் பல. எனினும், இவ்வூர்களைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகள் அருகன் அறத்தோடு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தொடர்புடையன. மலையாம்பட்டு என்னும் ஊரை ஒட்டிய ஆர்மாமலைக் குகையில் 8ஆம் நூற்றாண்டளவில் தீட்டப்பெற்ற சமண ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. சுடாத மண் கல்லால் எழுப்பிய சுவர்கள், அக்குகை ஒரு காலத்தில் பள்ளியாக விளங்கியதைக் காட்டுகின்றன. ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்து மலையிலும், காட்பாடிக்கு வடக்கே உள்ள வள்ளிமலையிலும் தீர்த்தங்கரர், இயக்கியர் திருவுருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன.

விளாப்பாக்கத்து மலையை இன்று ஊரார் பஞ்சபாண்டவர் மலை என்பர். கல்வெட்டு அதனைத் திருப்பான்மலை என்கிறது. பாண்டவர்க்கும் அம்மலைக்கும் எத்தொடர்பும் இல்லை. உருவங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; எழுத்துகளும் பெரும்பாலும் அழியவில்லை. அவை யாருடையவை, எதனை உணர்த்துகின்றன என்று எடுத்துரைக்கும் மரபு அங்கு அறுந்தமையால், மக்கள் தமக்குத் தெரிந்த கதையிலிருந்து மலைக்கு ஒரு பெயரைச் சூட்டிக் கொண்டனர். கல்லுக்கு நேர்ந்த இந்நிலை ஏட்டுக்கும் நேரக்கூடும். ஆகவே, ஆகமத்தின் பொருளை முன்னோர் எவ்வாறு கற்றனர், யாரிடம் கற்றனர் என்று அறிவது இன்றைய தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்குத் தேவையானதாகும்.

இம்மலைகளின் கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு ஒரு செய்தி தெளிவாகும். அரசர் பெயரும் கொடைகளும் அவற்றில் உள்ளன. அவற்றோடு ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் இடைவிடாது வருகின்றன. திருப்பான்மலையில் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டில் பொன்னியக்கியார் திருவுருவம் செதுக்கப்பட்டபோது, நாகநந்தி குரவரின் உருவமும் உடன் அமைக்கப்பட்டது. வள்ளிமலையில் கங்க மன்னன் இராசமல்லன் பள்ளி அமைத்த செய்தி உள்ளது. அங்கேயே பவணந்தியின் மாணவரும் வாண அரசனின் குருவுமாகிய தேவசேனரின் உருவம் இருக்கிறது. பாலசந்திர படாரரின் மாணவராகிய அச்சணந்தி, கோவர்த்தன படாரரின் உருவத்தைச் செய்வித்தார் என்று மற்றொரு கல்வெட்டு கூறும். தீர்த்தங்கரரைப் பொறித்த அதே பாறையில் ஆசிரியரையும் பொறித்தனர் அக்காலத்தவர். அறம் தம்மிடம் எவ்வழியே வந்தது என்பதை அவர்கள் மறவாமல் எழுதி வைத்தனர்.

ஆசிரியர் என்னும் நிலை ஆடவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. முதற் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது 945ஆம் ஆண்டளவில், திருப்பான்மலை அரிட்டநேமிப் பிடாரரின் மாணாக்கியாராகிய பட்டினிக் குரத்தி அடிகள் விளாப்பாக்கத்தில் கிணறு தோண்டுவித்தார். அக்கிணறும் அதனோடு கூடிய மனையும் பெண்பள்ளியாக விளங்க, ஊரின் இருபத்துநால்வர் அதனைக் காக்கும் பொறுப்பை ஏற்றனர். குரவர் என்பதன் பெண்பாற் சொல்லே குரத்தி என்பது. வந்தவாசிக்கு அருகில் உள்ள வேடலில் முதலாம் ஆதித்தன் காலத்தில் கனகவீரக் குரத்தியாரும், அவரைச் சார்ந்த 500 பிள்ளைகளும் இருந்தனர் என்பதும் கல்வெட்டால் தெரிகிறது. போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவர் ஒரு கலிங்கு கட்டுவித்து, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெரியாரின் பெயரைச் சூட்டினார். ஏரி நீர் பாய்ந்த காலமெல்லாம் அப்பெயர் உழவர் நாவில் வழங்கியிருக்கும்.

கற்போர் ஆசிரியரைச் சார்ந்திருந்தனர் எனின், அவர் சொன்னதை ஆராயாது ஏற்றனர் என்பது பொருளன்று. இதனைத் தவளா உரை கூறும் ஒரு வரலாறு நன்கு விளக்கும். பூர்வ ஞானத்தின் ஒரு பகுதியைத் தம் நினைவில் தாங்கியிருந்த தரசேனாசாரியார், கிரிநகரத்துச் சந்திர குகையில் வாழ்ந்தார். தமக்குப் பின் அச்சுருதம் அழிந்துவிடும் என்று அஞ்சி, தென்னாட்டு முனிவர் சங்கத்திற்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்து இரு முனிவர்கள் வந்தனர். அவர் உடனே பாடம் தொடங்கவில்லை. ஒருவர்க்கு ஓர் எழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓர் எழுத்துக் குறைந்த மந்திரத்தையும் கொடுத்து, நோன்பிருந்து ஓதுமாறு பணித்தார். அவர்கள் ஓதியபோது தோன்றிய தேவதையருள் ஒருத்தி பல் நீண்டும், ஒருத்தி ஒரு கண்ணுடனும் காணப்பட்டனர். தேவர்க்கு இத்தகைய உருக்குறை இயல்பன்று என்று உணர்ந்த இருவரும், மந்திர இலக்கணத்தைக் கொண்டு எழுத்தைத் திருத்தி மீண்டும் ஓதினர். தேவதையர் முழு வடிவுடன் தோன்றினர். இதனைக் கேட்ட பின்னரே தரசேனர் அவர்களுக்குப் பாடம் சொன்னார். புட்பதந்தர், பூதபலி என்னும் அவ்விருவர் வழியாகவே சட்கண்டாகமம் நூல் வடிவு பெற்றது. அவர்களுள் பூதபலி திராவிட நாட்டிற்கு வந்தார் என்று தவளா குறிப்பிடுவது தமிழ்ச் சமணர்க்குப் பெருமை தருவதாகும்.

ஆசிரியர் தந்ததில் பிழையைக் கண்டு, இலக்கணத்தின் துணையால் திருத்தத் தெரிந்தவரே சுருதத்தைப் பெறும் தகுதியுடையவர் என்பது இவ்வரலாற்றின் கருத்து. தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுப்பதும் இதற்கு இயைந்ததே. வாசித்தல், ஐயம் வினவுதல், பொருளைச் சிந்தித்தல், பிழையற ஓதிப் பயிலுதல், பிறர்க்கு அறமுரைத்தல் என்பன அவ்வைந்து. வினவுதல் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. வினவுவதற்கு ஒருவர் வேண்டும். விடை கூறுவதற்கு நூலும் மரபும் அறிந்த ஒருவர் வேண்டும். ஆசிரியர் இல்லாத இடத்தில் வாசிப்பு முதற்படியிலேயே நின்றுவிடும். வினா இல்லாத இடத்தில் ஆசிரியர் சொல் வெறும் ஓசையாகிவிடும்.

இவ்வைந்தும் இல்லறத்தாரிடையே நெடுங்காலம் நிலவியமைக்குச் சீவக சிந்தாமணி சான்றாகும். நச்சினார்க்கினியர் இக்காப்பியத்திற்கு முதலில் எழுதிய உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அவர் சித்தாமூரில் சமண நூல்களைப் பயின்று மீண்டும் உரை வரைந்தார் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. பல நூற்றாண்டுகள் கழித்து உ.வே. சாமிநாதையருக்கும் அத்தகைய நிலையே ஏற்பட்டது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலால் சிந்தாமணியைக் கற்கத் தொடங்கிய அவர், ஏடும் உரையும் கையில் இருந்தும் சமணக் கொள்கைகளுக்குப் பொருள் காண இயலாமல் இடர்ப்பட்டார். அந்நகரத்துச் சமணர் வீதிக்குச் சென்றபோது, சந்திரநாத செட்டியார் இல்லத்தில் சிந்தாமணி படனம் நிறைவுற்ற விழா நடந்து கொண்டிருந்தது. தமிழறிஞர் பலரும் அறியாதிருந்த காப்பியத்தை ஒரு வணிகர் குடும்பம் முறையாகப் பாடம் கேட்டு முடித்திருந்தது. பாடம் சொன்னவர் வீடூர் அப்பாசாமி நயினார். அவரிடமும் அங்கிருந்த பிற சமணரிடமும் ஐயம் தெளிந்த பிறகே, 1887ஆம் ஆண்டில் சாமிநாதையர் சிந்தாமணியை அச்சிட்டு உலகிற்கு வழங்கினார்.

திருப்பான்மலையையும் கும்பகோணத்து வீதியையும் ஒருங்கே வைத்து எண்ணினால் உண்மை விளங்கும். மலையில் அழியாத கல் இருந்தது. பொருள் உரைப்பார் இல்லாமல் போயினர். வீதியில் செல்லரிக்கக்கூடிய ஓலைகளே இருந்தன. பாடம் சொல்வாரும் கேட்பாரும் இருந்தமையால் காப்பியம் பொருளோடு பிழைத்தது.

அச்சுக் காலம் வந்தபின் இப்பணியை மேற்கொண்டவருள் தலைசிறந்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். குந்தகுந்தாசாரியாரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920இலும், சமயசாரத்தை 1950இலும் ஆங்கில விளக்கத்துடன் வெளியிட்டார். நீலகேசியை வாமன முனிவரின் சமய திவாகர உரையுடன் 1936இல் பதிப்பித்தார். மூலத்தைத் தனியே விடாது உரையோடு சேர்த்து அளித்தமை கருதத்தக்கது. உரை என்பது ஏட்டில் அமர்ந்திருக்கும் ஆசிரியர். ஆயினும் அவ்வாசிரியரிடம் எதிர் வினா எழுப்ப இயலாது. புதிய காலத்தில் எழும் புதிய ஐயத்திற்கு உரையின் வழியே விடை காண, உயிருள்ள ஆசிரியரும் தேவைப்படுகின்றனர்.

அத்தகைய ஐயம் இத்தோல் தொழிற்பகுதியில் இயல்பாகவே எழும். தோல் ஆலையின் கணக்குப் பிரிவிலோ, காலணி ஏற்றுமதி அலுவலகத்திலோ வேலை கிடைத்த இளைஞர் ஒருவர், இது அணுவிரதத்திற்கு முரணாகுமா என்று வினவினால், வீட்டுப் பெரியோர் என்ன விடை கூறுவர்? சூத்திரம், மனக்கவனமின்மையால் பிற உயிரின் பிராணனைப் போக்குவதை இம்சை என்று சுருக்கமாக உரைக்கும். சிராவக ஒழுக்கம் கூறும் மரபு அதனை நான்காக விரிக்கும். எண்ணித் துணிந்து செய்வது சங்கல்பி. சமையல் முதலிய இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்குரிய தொழிலில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டும். ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்க வேண்டும். ஏர் உழும்போது மண்ணுயிர் மடிவதை அறிந்தும், தமிழ்ச் சமணர் உழவுத் தொழிலில் நின்று விரதம் காத்தது இவ்விளக்கத்தின் துணையால் ஆகும்.

ஆனால் தொழிலில் நேர்வது என்ற ஒரு சொல்லைக் கொண்டு எதனையும் ஏற்றுக்கொள்ளவும் இயலாது. தந்தம், தோல், உரோமம் முதலிய விலங்குறுப்பு வாணிகத்தை விலக்கத்தக்க தொழில்களுள் ஒன்றாகச் சிராவக நூல்கள் எண்ணும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாதரர், தாமும் ஓர் இல்லறத்தார். சாகார தர்மாமிருதத்தில் இப்பட்டியலைக் குறிப்பிட்டு, உலகில் பாவத் தொழில்கள் எண்ணிறந்தன ஆதலின் அவற்றைத் தொகையிட்டு அடக்குதல் பொருந்தாது என்றும், அறிவு மந்தமானோர்க்கு வேண்டுமானால் அதனைச் சொல்லலாம் என்றும் அவர் உரைக்கிறார். பட்டியலில் உள்ளதா, இல்லையா என்று மட்டும் பார்ப்பவர் சூத்திரத்தின் உயிரைத் தவறவிடுவர் என்பது அவர் கருத்து. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று ஆகமம் கற்பிக்கிறது. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் ஆலைக் கழிவு கெடுத்தது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆகமம் கற்ற சமணர் அத்தீர்ப்பில் நீர்க்காய உயிர்களின் துன்பத்தையும் சேர்த்துக் காண்பர். எந்தப் பழைய பட்டியலிலும் பாலாறு இல்லை. மரபின் பொருளறிந்து சிந்திப்பவர்க்கே அத்தொடர்பு புலப்படும்.

அவ்விளைஞர்க்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. அவர் செயலில் எண்ணம் யாது, தவிர்க்கக்கூடிய வழி உண்டா, குடும்பத்தின் நிலை யாது என்று கேட்டு, நூலைக் காட்டி, அவரையே சிந்திக்கச் செய்வது ஆசிரியர் கடன். தடை அல்லது இசைவு என்று மட்டும் கூறி அனுப்பும் ஆசிரியரும், தேடியெடுத்த ஒரு வரியை மட்டும் படித்து முடிவு செய்யும் வாசகரும், சுவாத்தியாயத்தின் ஐந்து படிகளுள் பலவற்றைத் தாண்டிவிடுகின்றனர்.

இதற்குரிய வாயில்கள் அடைபட்டுவிடவில்லை. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம் தொன்றுதொட்டுத் தமிழ்ச் சமணர்க்குத் தலைமை தாங்குகிறது. குணவீர மாமுனிவர் கலிங்கு கட்டுவித்த திருமலையில் அருகந்தகிரி மடம் அமைந்து கல்விப் பணி ஆற்றுகிறது. இரத்தினகரண்ட சிராவகாசாரத்தின் கருத்துகளைக் குறள் வெண்பாவில் எளிதாகத் தரும் அருங்கலச்செப்பு, எந்த இல்லத்திலும் தொடங்கத்தக்க பாடநூல்.

சட்கண்டாகமம் எழுதி நிறைவுற்ற நாளைச் சுருத பஞ்சமியாக ஆண்டுதோறும் கொண்டாடும்போது, ஏடுகளையும் நூல்களையும் எடுத்துத் தூசு துடைத்துப் பூசித்து மீண்டும் பேழையில் வைப்பது வழக்கம். பேழையை மூடும் முன், மூத்தோர் ஒருவர் ஒரு பாட்டை வாசித்துப் பொருள் கூற, இளையோர் ஒருவர் ஓர் ஐயம் கேட்டால் அப்பூசை நிறைவுறும். கும்பகோணத்துச் சமண இல்லம் செய்ததும், விளாப்பாக்கத்துப் பெண்பள்ளி தோன்றிய நோக்கமும் அதுவே. திருப்பான்மலைக்கு நேர்ந்த பெயர் மாற்றம் நம் இல்லத்து நூல்களுக்கு நேராதிருக்க வேறு காவல் இல்லை.