தரை சொன்ன கதை

கி. பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை மூடிய ரோமானியப் பிரபுக்களின் மாளிகைகளைப் பார்க்கப் போகிறவர்கள், சுவர்ச் சித்திரங்களைக் கண்டு சொக்கி நின்றுவிடுகிறார்கள். தரையைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. கதை எழுதிப் பிழைக்கும் எனக்கோ அந்தத் தரைதான் சுவாரசியம்.

வெள்ளைச் சில்லுகள் பாவிய அறையில், ஒரு கோடியில் மட்டும் கறுப்புக் கரை ஓடி வேறு தினுசுக் கோலம் தொடங்குகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் கட்டில் கிடந்தது! கட்டில் போய் 1,900 வருஷங்களுக்கு மேலாகியும் அதன் இடத்தைத் தரை மறக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலும், மூன்று பக்கம் சாய்மஞ்சங்கள் மறைத்த இடம் எளிமை. விருந்தாளிகளின் கண் படும் நடுவிடம் அலங்காரம். அடிமைகள் புழங்கிய பகுதியில் பெரும்பாலும் காரைத்தரை, அல்லது வெறும் மண்.

தரை போடுவது லேசான காரியமல்ல. விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் முறை எழுதி வைத்திருக்கிறார். அடியில் கைப்பிடிக்குக் குறையாத கற்கள். மேலே ஜல்லி 3 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு. ஆட்கள் கூட்டமாக நின்று மரக்கட்டையால் இடிக்கவேண்டும். அதற்கும் மேல் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் கலந்த காரை. நம் கொத்தனார்களின் சுர்க்கிக் காரையேதான்.

இத்தனை பாடுபட்டுப் போட்ட தரைகளுக்கு என்ன கதி வந்தது? 1749 முதல் நேப்பிள்ஸ் ராஜாவின் ஆட்கள் ஸ்டாபியே என்ற கடலோர ஊரில் தோண்டினார்கள். அழகான தரைகளைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், குழியை மூடினார்கள். அப்படிப் பெயர்த்தவற்றில் சில இன்று நேப்பிள்ஸ் மியூசியத்தில் இருக்கின்றன. அழகுதான், ஆனால் கட்டில் எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்று அவற்றை யார் கேட்பது?

1950-ல் லிபெரோ டோர்ஸி என்ற பள்ளித் தலைமையாசிரியர், பள்ளிக்கூட ஊழியர் ஒருவரையும் வேலையில்லாத ஒரு மெக்கானிக்கையும் சேர்த்துக்கொண்டு அங்கே மறுபடி தோண்டத் தொடங்கினார். எனக்கு ராஜாவைவிட இவரைத்தான் பிடிக்கிறது. கல்லைப் பெயர்த்த இடத்தில் அடிக்காரை மிஞ்சியிருந்தால் அதில் கல்லின் அச்சு இருக்கும். அதை அளந்தே பழைய கோலத்தை வரைந்துவிடுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

காப்பாற்றப் போய்க் கெடுத்ததும் உண்டு. ஒரு காலத்தில் இரும்புக்கம்பி வைத்த சிமென்டுப் பலகையில் சில்லுகளை ஒட்டினார்கள். கம்பி துருப்பிடித்து உப்பிச் சில்லுகளைப் பிளந்தது. இப்போது தரையை இருந்த இடத்திலேயே விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பொள்ளலாக ஒலித்தால் சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்துகிறார்கள். சில தரைகளை மணல் பரப்பி மூடியே வைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.