எடுத்தலும் மாற்றுதலும்: முகவர்களுக்கான மின்னஞ்சல் கருவியின் ஆவணத்தில் விடுபடும் விளைவு

செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவி ஆவணங்கள் பற்றி ஒரு கருத்து எளிதில் எழக்கூடும். மின்னஞ்சலை எடுத்துத் தரும் கருவி அஞ்சல்பெட்டியில் எதையும் மாற்றுவதில்லை. ஆகவே அதன் உள்ளீடுகளையும் வெளியீட்டின் வடிவத்தையும் பிழையின்றிச் சொல்லிவிட்டால் ஆவணத்தின் கடமை முடிந்தது என்பதே அக்கருத்து. முகவர் என்பது இங்கு, மொழி மாதிரி ஒன்றை மையமாகக் கொண்டு, எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்பதைத் தானே முடிவுசெய்து பல படிகளில் வேலையை முடிக்கும் மென்பொருளைக் குறிக்கும். கருவியின் உள்ளே இருக்கும் நிரல் பெரும்பாலும் முகவருக்குத் தெரிவதில்லை. கருவியின் பெயர், சில வரி விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவையே அதற்குக் கிடைப்பதால், ஆவணத்தில் விடுபடுவது முகவரின் முடிவிலும் விடுபடுகிறது. மேற்சொன்ன கருத்து, மின்னஞ்சலை அணுகும் நெறிமுறையான ஐமேப்பின் ஒரு பகுதியை அரைகுறையாக வாசிப்பதில் பிறப்பது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்கு உரிய பகுதி, 2003இல் வெளியான ஐமேப் தரநிலையான ஆர்எஃப்சி 3501இலும், 2021இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்எஃப்சி 9051இலும் 6.4.5ஆம் பிரிவில், மடலை எடுக்கும் ‘ஃபெட்ச்’ கட்டளையின் விளக்கத்தில் உள்ளது. ஒரு மடலின் உள்ளடக்கத்தை ‘பாடி’ என்ற உருப்படியின் வழியே கேட்டால், அந்த மடல் படிக்கப்பட்டது என்பதைக் காட்டும் ‘ஸீன்’ குறி தானாகவே இடப்படும், ‘பாடி.பீக்’ என்ற மாற்று வடிவத்தில் கேட்டால் குறி இடப்படாது. இந்த வேறுபாட்டை மேற்சொன்ன கருத்து, அஞ்சல் செயலி எழுதுவோருக்கான ஒரு வசதி என்றும், நிரலுக்குள்ளேயே முடிந்துபோகும் செய்தி என்றும் கொள்கிறது. அந்த வாசிப்பு முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. குறியைத் தானாக இடும் ஏற்பாடு, திரையின் முன் அமர்ந்து மடலைத் திறக்கும் மனிதரின் செயலிக்கு ஒரு கூடுதல் கட்டளையை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மையே.

ஆனால் அதே விதி அடுத்து என்ன சொல்கிறது என்பதை அந்த வாசிப்பு பொருட்படுத்துவதில்லை. குறி மாறினால், மாறிய குறிகளையும் சர்வர் தன் பதிலோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தரநிலை பரிந்துரைக்கிறது. மேலும், அஞ்சல்பெட்டியைப் படிக்க மட்டும் திறக்கும் ‘எக்ஸாமின்’ கட்டளையை விளக்குமிடத்தில், பெட்டியின் நிலையான தரவில், ஒரு பயனருக்கு மட்டும் உரிய நிலை உட்பட, எந்த மாற்றமும் நிகழக்கூடாது என்று விதிக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து வாசித்தால், குறி இடப்படுவதைத் தரநிலை ஒரு மாற்றமாகவே கருதுகிறது என்பதும், அந்த மாற்றம் கேட்டவருக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது என்பதும் புலனாகும். முகவருக்கான கருவியோ சர்வரின் பதிலிலிருந்து மடலின் உரையை மட்டும் பிரித்தெடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டு, குறி மாறிய செய்தியைக் கைவிடக்கூடும். தரநிலை அமைத்த அறிவிப்புச் சங்கிலி அறுபடும் இடம் இதுவே. அதை மீண்டும் இணைக்கும் பொறுப்பு ஆவணத்தைச் சேரும்.

இதன் விளைவு சிறியதன்று. படிக்கப்படாத மடல்களைச் சுருக்கித் தரும்படி பணிக்கப்பட்ட முகவர் ஒன்று, அவற்றை எடுக்கும் கருவியை அழைக்கிறது. கருவி ‘பாடி’ வடிவத்தைப் பயன்படுத்துவதால் மடல்கள் அனைத்திலும் குறி விழுகிறது. பதில் வந்துசேருமுன் இணைப்பு அறுந்துவிட, முகவர் மீண்டும் அழைக்கிறது. இரண்டாம் முறை காலியான பட்டியலே வரும். புதிய மடல் எதுவும் இல்லை என்று முகவர் அறிவிக்கும். தனக்குக் கிடைத்த சான்றின்படி அது சரியாகவே நடந்துகொண்டது. குறி சர்வரில் இருப்பதால், பெட்டியின் உரிமையாளர் தம் கைபேசியைத் திறந்தாலும் அந்த மடல்கள் படித்தவையாகவே தோன்றும். எங்கும் பிழைச்செய்தி எழாமலே, ஒரு மனிதரின் கவனத்துக்குக் காத்திருந்த மடல்கள் அவர் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றன.

கருவியை எழுதுவோர் ‘பாடி.பீக்’ வடிவத்தைப் பயன்படுத்தினால் சிக்கல் தீர்ந்துவிடும், ஆவணத்துக்கு வேலையில்லை என்பது இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு. அவ்வடிவமே ஏற்றது என்பதில் இக்கட்டுரைக்கு மாறுபாடில்லை. எனினும் அப்போதும் ஆவணம் பேசியாக வேண்டும். எடுத்த பின்னும் மடல் படிக்கப்படாததாகவே இருக்கும் என்பதை அறியாத முகவர், படிக்கப்படாமையைக் கையாளப்படாமையின் அடையாளமாகக் கொண்டு, ஒரே மடலுக்கு இருமுறை பதில் எழுதக்கூடும். ஆக, எந்த வடிவம் உள்ளே இருந்தாலும் அதன் விளைவைச் சொல்லாத ஆவணம் முகவரைத் தவறான ஊகத்தில் விடுகிறது.

மின்னஞ்சலை அணுகும் மற்றொரு நெறிமுறையான ஜேமேப்பின், 2019இல் வெளியான அஞ்சல் தரநிலையில் எடுக்கும் செயலும் குறியை மாற்றும் செயலும் தனித்தனியே வகுக்கப்பட்டிருப்பதால், மேற்கண்ட வாதம் ஐமேப் வழியே இயங்கும் கருவிகளுக்கே நேரடியாகப் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் கருவியின் பின்னால் இருப்பது எந்த நெறிமுறை என்பதையும் ஆவணமே முகவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழி மாதிரிகள் இத்தரநிலைகளை முன்பே கற்றிருக்கும் என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை. பொது விதியை அறிந்த மாதிரிக்கும் இந்தக் கருவி எந்த வடிவத்தைத் தேர்ந்தது என்பது தெரியாது. விளக்கம் நீண்டால் மாதிரியின் கவனம் சிதறும் என்பதும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பதற்குக் காரணமாகாது.

கருவிகளை முகவர்களோடு இணைக்கும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் 2025 மார்ச் பதிப்பில், கருவி தன் சூழலை மாற்றாது என்பதைக் காட்டும் ‘ரீட்-ஒன்லி’ குறிப்பை அறிமுகப்படுத்தியது. நம்பத்தக்க சர்வரிலிருந்து வராத இத்தகைய குறிப்புகளை நம்பக்கூடாது என்றும் அதுவே எச்சரிக்கிறது. ‘பாடி’ வடிவத்தைப் பயன்படுத்தும் கருவி இக்குறிப்பை ஏற்றுக்கொண்டால், அது பொய்யான உறுதிமொழியாகிவிடும். பயனரின் ஒப்புதலைக் கேட்காமலே அழைக்கத்தக்க கருவிகளை இக்குறிப்பைக் கொண்டு பிரித்தறியும் மென்பொருள்கள் அப்பொய்யின்மீதே இயங்கும்.

எனவே மின்னஞ்சலை எடுக்கும் கருவியின் ஆவணம், அழைப்புக்குப் பின் அஞ்சல்பெட்டி எந்நிலையில் இருக்கும் என்ற வாக்கியத்தில் தொடங்க வேண்டும். அதே அழைப்பு மீண்டும் நிகழ்ந்தால் அதே விடை வருமா என்பது அதை அடுத்து வர வேண்டும். காலியான பட்டியல் எதைக் குறிக்கும், எதைக் குறிக்காது என்பது மூன்றாவதாக வர வேண்டும். உள்ளீடுகளின் விவரம் இவற்றுக்குப் பின்னரே இடம்பெறலாம், ஏனெனில் உள்ளீட்டில் நேரும் பிழை பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். நிலையில் நேரும் மாற்றமோ மடலுக்கு உரியவர் அதைத் தேடும் நாள்வரை தெரிவதில்லை.